ஏழரை

ஏற்காடு பிரிவுக்கு மாற்றல் என்று தாள் வந்த அன்று
மாலை ஆறுக்கு மேல்தான் கடைக்குப் போனேன்.
காலையில் வாங்கக் கூடாது.
நாளெல்லாம் அம்மாபேட்டைச் சந்துகளில் மீட்டர் பார்த்து
வீங்கிப்போன கால்தான் உண்மை பேசும்.

ஐந்து ரோடு. கண்ணாடிக் கதவு. ஏசிக் குளிர்.
பெண்களுக்கான வரிசை ஆறாம் எண்ணோடு முடிந்துவிட்டது,
அதிலும் பாதி ரோஸ் கலர்.
சட்டையில் அஸ்லம் என்று பெயர் குத்தியிருந்த பையன்
அளவுத் தட்டில் என் பாதங்களை ஏற்றி
இடது ஏழு என்றான்.
வலதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி
"உங்களுக்கு ஏழரை மேடம்."
அதைத்தான் மாற்றல் தாளும் சொல்கிறது தம்பி.

ஆண்கள் பக்கமிருந்து நாலு ஜோடி கொண்டுவந்தான்.
ஒன்று கணுக்காலைப் பிடித்த பிடியில்
வாக்குமூலம் கேட்டது.
ஒன்றை முறுக்கினேன், ஈரத்துண்டாய்ச் சுருண்டது.
மூன்றாவதன் அடி வழவழப்பு:
மாநகராட்சிப் பூங்காவில் எட்டு போடப் பிறந்தது.
நான்காவதுக்குப் பல் இருந்தது, ஆழமாய், இடைவெளி விட்டு.
"தண்ணி உள்ளே வராது மேடம்."

இங்கே மலை இருக்கிறதா என்று கேட்டேன்.
ஓர் அடி உயரச் சாய்பலகையைக் காட்டினான்.
நான் மாடிப்படிக்குப் போனேன்.
ஏறும்போது எல்லாச் செருப்பும் நல்ல செருப்பே.
இறங்கும்போதுதான் பெருவிரல்
முன்னால் போய் முட்டுகிறதா என்று தெரியும்.
முட்டினால் நகம் கறுக்கும், கழன்று விழும்,
புதிது முளைப்பதற்குள்
அடுத்த இருமாதக் கணக்கெடுப்பு வந்துவிடும்.
மூன்று மாடி, மூன்று தடவை.
பட்டுப்புடவை எடுக்க வந்த குடும்பம்
சுவரோடு ஒட்டி வழிவிட்டது.
முட்டவில்லை.
நாலாயிரத்து முந்நூறு, மூன்று தவணை.

மேலே
பாக்சைட் சரளை கோலிக்குண்டாய் உருண்டது,
பல் பிடித்தது.
காப்பித் தோட்டத்துச் சருகுக்கு அடியில்
பள்ளமா கல்லா வேரா, சருகுக்கே தெரியாது,
கணுக்கால் தப்பியது.
கிளியூர்ப் பக்கத்துப் பாசிப் பாறையில்
பல்லும் இல்லை, சொல்லும் இல்லை.
அரசு ஊழியர் என்ற கௌரவத்தைப் பையில் போட்டுவிட்டு
உட்கார்ந்தே இறங்கினேன்.
ரப்பர் செருப்பில், தோளில் ஏணியோடு,
எனக்காக நின்று நின்று போன
வயர்மேன் சவரிராஜ் விலை கேட்டார்.
பாதிதான் சொன்னேன்.
அதற்கே ஏணியை இறக்கி வைத்துவிட்டார்.

கடையில் யாருமே கணக்கில் எடுக்காத நிலம் ஒன்று இருந்தது:
வாசல்.
சாணம் மெழுகிய ஈரம் காயாத வாசல்.
மீட்டர் உள்ளே, முருகன் காலண்டருக்கு மேலே.
எட்டுக் கண் லேஸ்.
குனிந்து அவிழ்த்து,
முந்நூற்றுப் பதினான்கு என்று எழுதி,
குனிந்து கட்டி, பத்தடி நடந்து,
குனிந்து அவிழ்த்து.
மஞ்சக்குட்டைத் தாண்டி அந்தத் தெருவில் மட்டும்
நாற்பத்திரண்டு வீடு.

பதினோராவது வீட்டில்
இடுப்பில் பிள்ளையோடு நின்ற வெள்ளச்சி
"கட்டாமலே போங்களேன், பக்கத்து வீடுதானே" என்றாள்.
போனேன்.
தரையில் இழுபட்ட லேஸ்
அவள் நாய்க்குட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பத்தொன்பதில் நான் உள்ளே நிற்க
வெளியே மழை.
திரும்பி வந்தால் இரண்டு கிண்ணம் நிறையத் தண்ணீர்.
உள்ளே வராது என்றான் அஸ்லம்.
வந்தது வெளியே போகாது என்று சொல்லவில்லை.
மிச்சம் இருபத்து மூன்று வீட்டுக்கும்
வெறுங்காலோடு போனேன்,
ஷூக்கள் கழுத்தில் தொங்க,
மலையிலேயே விலை கூடிய மாலை.

கடைசி பஸ்.
ஜன்னல் கம்பியில் செருகிய உள்ளட்டைகள்
முதல் வளைவு வரைக்கும் காயவில்லை.
கீழே சேலத்தின் விளக்குகள்,
ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சக்கரம் சுழல்கிறது.
வலது கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது.
அட்டை ஒன்று, உருண்டு திரண்டு,
என் கணக்கைப் பார்த்து முடித்து
இறங்கிக்கொண்டிருந்தது.